தொட்டுவிட்டு விலகும் உலோகம்

நைனா 31 வருஷம் டிரம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். வீடு மாதனூரில், வேலை ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில். குரோம் போட்டுச் சுற்றிய டிரம்மை நிறுத்தியதும் நீலம் பாய்ந்த ஈரத்தோலைக் கழுத்துப் பக்கமாகப் பிடித்து, தடிப்பு அதிகமுள்ள இடத்தில் கத்தியால் ஒரு துண்டு நறுக்குவார். வெட்டுவாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். நீலம் நடுவரை போயிருக்கிறதா, உள்ளே வெள்ளைக் கோடு ஓடுகிறதா? பிறகு துண்டைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுப்பார். வரைந்த கோட்டுக்குள் அது அப்படியே உட்கார்ந்தால் பதம் வந்துவிட்டது. சுருண்டுபோனால் டிரம் இன்னும் ஓட வேண்டும்.

பச்சைத்தோல் 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் 80 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும். குரோம் ஏறிய தோலோ கொதிநீரில் போட்டாலும் அசையாமல் கிடக்கும். தோலின் நாருக்குள் நுழைந்த உலோகம் அங்கேயே வேர்விட்டு இறுகிவிடுவதுதான் காரணம். பிடித்த பிடியை விடாது. அப்படி விடாமல் இருப்பதற்குத்தான் நைனாவுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஈரத்தோல் தூக்கித் தூக்கி இடுப்பு தேய்ந்து, ஒரு நாள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிஷத்துக்குமேல் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தார். வெளியே வந்ததும் கேட்டார்: “இன்னாத்துக்கும்மா இவ்ளோ நேரம் புடிக்குது? போட்டோதானே?”

வேதியியல் படித்தவள் நான். “மெஷின் அப்படித்தான் நைனா” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. சரியான பதிலைத் தேடிப் போன வழியில்தான் இரிடியத்தைச் சந்தித்தேன். நைனாவின் டிரம்முக்கு வரும் குரோமியத்துக்கு அது கூடப்பிறந்த உலோகம். ஒரே பாறையின் வயிற்றில் இருந்து வந்த இரண்டும் வாழ்க்கையில் எதிரெதிர்த் திசையில் போயின.

நேரம் பிடிப்பதற்கான காரணம் இது. உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு துளிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் போனதும் ஏறக்குறையப் பாதி காந்தத்தோடு சேர்ந்து நிற்கும், பாதி எதிர்த்து நிற்கும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மிஞ்சுவதுதான் நமக்குக் கிடைக்கும் சிக்னல். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தத்தில் அந்த மிச்சம் பத்து லட்சத்துக்குச் சுமார் 5. பத்து லட்சம் ஓட்டு விழுந்த தொகுதியில் ஐந்து ஓட்டு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு முடிவு சொல்வது மாதிரி. உடம்பில் தண்ணீர் ஏராளமாக இருப்பதால் அந்த ஐந்தைக் கொண்டே படம் வந்துவிடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்டுக் கூட்ட வேண்டியிருப்பதால் நேரம் ஆகிறது. தண்ணீரை விட்டுவிட்டு, செல்லுக்குள் நடக்கும் வேதிமாற்றத்தை, ஒரு மருந்தின் நைட்ரஜனையோ சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டின் கார்பனையோ பார்க்க ஆசைப்பட்டால், அந்த மெல்லிய குரல் இரைச்சலில் மூழ்கிப்போகும். குரலைப் பல்லாயிரம் மடங்கு உயர்த்த ஒரு வழி வேண்டும். அந்த வழியில் வேலைக்கு வந்த உலோகம்தான் இரிடியம்.

அதன் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். பூமி உருகிக் கிடந்த காலத்தில் இரும்போடு சேர்ந்து பெரும்பாலான இரிடியம் நடுவயிற்றுக்குள் இறங்கிவிட்டது. மேலோட்டில் மிஞ்சியது மிகச் சொற்பம். அதனால்தான் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் படிவில் இரிடியம் கூடுதலாக இருந்ததைக் கண்டபோது, இது வெளியே இருந்து விழுந்த விண்கல்லின் தடயம் என்று லூயிஸ் ஆல்வாரெஸும் அவர் மகன் வால்ட்டரும் 1980இல் சொல்ல முடிந்தது. பூமிக்குள்ளிருந்து அது நம் கைக்கு எட்டுவது ஒருசில இடங்களில்தான். அவற்றில் பெரியது தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட். 200 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு குளிர்ந்து அடுக்கடுக்காகப் படிந்த இடம். அங்கே யூ.ஜி.2 என்று அழைக்கப்படும் ஓர் அடுக்கில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், இரிடியம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்த அடுக்கு எதனால் ஆனது தெரியுமா? குரோமைட்டால். கன்னங்கரேலென்ற அதே குரோமியத் தாதுக்கல்லால்.

இதைப் படித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். சுரங்கத் தொழிலாளிக்கு அங்கே குரோமைட் என்பது பிளாட்டினத்தை எடுத்த பிறகு கூடக் கிடைக்கும் உபரி. நம் தோல் தொழிலுக்கு அதுவே உயிர். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் பழம்பாறைகளுக்கு நடுவே ஓடும் குரோமைட் அடுக்குகளிலும் பிளாட்டினக் குடும்பத்து உலோகங்கள் இருப்பதை நில ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சந்திரயானின் ஊர்தியை நிலா மண் போன்ற ஒன்றில் ஓட்டிப் பார்க்க இஸ்ரோ பாறை எடுத்தது அந்த ஊர்ப் பக்கத்தில்தான். நம் மண்ணிலும் இவை இரண்டும் ஒரே பாயில் படுத்திருக்கின்றன.

ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். யூ.ஜி.2 பாறை ஒரு டன் உடைத்தால் பிளாட்டினக் குடும்பம் மொத்தமும் நாலைந்து கிராம், அதில் இரிடியம் ஒரு கிராமில் சிறு பங்கு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு வெட்டும் குரோமைட் சுமார் 4 கோடி டன். இரிடியமோ 7, 8 டன். ஒரு லாரியில் ஏற்றிவிடலாம். அடர்த்தி தண்ணீரைப்போல் இருபத்திரண்டரை மடங்கு என்பதால் லாரியின் தளத்தில் ஒரு மூலைதான் நிறையும்.

1803இல் லண்டனில் ஸ்மித்சன் டென்னன்ட் என்பவர் பிளாட்டினத் தாதுவை ராஜதிராவகத்தில் கரைத்துக்கொண்டிருந்தார். கரையாமல் கொஞ்சம் கறுப்புத் தூள் அடியில் தங்கியது. மற்றவர்கள் அதைப் பென்சில் கரி என்று நினைத்துக் கொட்டிவிட்ட தூள். டென்னன்ட் கொட்டவில்லை. அதற்குள் இரண்டு புதிய உலோகங்கள் இருந்தன. ஒன்றின் உப்புகள் பல நிறங்களில் மின்னியதால் கிரேக்க வானவில் தேவதை ஐரிஸின் பெயரை வைத்தார். அதுதான் இரிடியம். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு பாரிஸில் வோக்லாங் கண்டுபிடித்த குரோமியத்தின் பெயருக்கும் ‘நிறம்’ என்றுதான் பொருள். டென்னன்டின் நண்பர் வொல்லாஸ்டன் அடுத்த ஆண்டு அறிவித்த ரோடியம், தன் உப்பின் ரோஜா நிறத்தால் அந்தப் பெயர் பெற்றது. பாறையில் உடன்பிறந்தவை, பெயரிலும் உடன்பிறந்தவை ஆயின.

இதற்குப் பிறகு குரோமியம் ஓடிய வேகம் அதிகம். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் பதனிடலுக்குக் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே குளியலில் முடியும்படி எளிதாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அதைப் பழக்கப்படுத்தினார். 1912இல் பல்லாவரத்தில் சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி, பக்கத்து ஊருக்குக் குரோம்பேட்டை என்ற பெயரையே கொடுத்துவிட்டது. பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டை வாசம் வீசிய இடங்களில் டிரம்கள் உருண்டன. நைனா வேலைக்குச் சேர்ந்தபோது பட்டைக்குழிகளில் பாதி காலியாகிவிட்டனவாம். ஒரு டன் தோலுக்குச் சுமார் 80 கிலோ பச்சைநிறக் குரோம் பவுடர். அமிலத்தில் ஊறிய தோலில் அது உள்ளே நுழையும். பிறகு சோடா உப்பை மெல்ல மெல்லச் சேர்த்து அமிலத்தைத் தணித்தால், நாரின் கார்பாக்சில் கைகள் நீண்டு குரோமைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் மேல்தோலில் மட்டும் அப்பிவிடும். அதனால்தான் அந்த வெட்டுவாய்ப் பார்வை.

இரிடியம் மெதுவாகத்தான் நடந்தது. உலகத்துக்கே கிலோ எவ்வளவு என்று காட்டிய உருளையில் பத்தில் ஒரு பங்காக இருந்தது. 1889 முதல் 2019 வரை அந்த உருளைதான் எடைகளின் தாய். அதன் 57ஆம் எண் பிரதி டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எழுதிய மைப்பேனா நிப்பில் ‘இரிடியம் பாயின்ட்’ என்று பொறித்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். இன்றைய நிப்புகளின் முனை பெரும்பாலும் வேறு கலவை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதன் கதிரியக்க வடிவமான இரிடியம்-192, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உள்ளிருந்து கொடுக்கும் கதிர்மருத்துவத்தில் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு எப்போதோ வந்துவிட்டது. இவை எல்லாமே அது உறுதியாக, அசையாமல் இருந்ததால் கிடைத்த வேலைகள். அதன் உண்மையான திறமை இன்னும் வெளியே வரவில்லை. வெளியே வர ஹைட்ரஜன் தயாராக வேண்டியிருந்தது.

ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு புரோட்டான்கள். இரண்டின் சுழற்சியும் ஒரே பக்கம் இருந்தால் ஆர்த்தோ, எதிரெதிராக இருந்தால் பாரா. 1927இல் ஹைசன்பர்க்கும் ஹுண்டும் கணக்கிலிருந்து இந்த இரட்டைமுகத்தைக் கண்டார்கள். ஹைசன்பர்க்குக் கிடைத்த 1932ஆம் ஆண்டின் நோபல் அறிவிப்பிலேயே ஹைட்ரஜனின் இரு வடிவங்கள் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. 1929இல் பெர்லினில் போன்ஹோஃபரும் ஹார்டெக்கும் அதைக் கையில் பிடித்தார்கள். பிடிக்க உதவியது குளிர வைத்த கரித்தூள். சாதாரண அறைவெப்பத்தில் நாலில் ஒரு பங்குதான் பாரா. திரவ நைட்ரஜன் குளிரில், அதாவது சுழியத்துக்கு 196 டிகிரி கீழே, பாதிக்குப் பாதி. 253 டிகிரி கீழே போனால் ஏறக்குறைய முழுவதும் பாரா. ஆனால் தானாகச் சீக்கிரம் மாறாது. இடைத்தரகராகக் கரியோ ஓர் உலோக ஆக்சைடோ வேண்டும். துருவின் உறவான இரும்பு ஆக்சைடு அதைச் செய்யும், குரோமியம் ஆக்சைடும் செய்யும். துணையில்லாமல் அமைதியற்றுச் சுழலும் எலெக்ட்ரான்கள் இவற்றில் இருக்கின்றன. அந்தச் சலசலப்பில்தான் ஆர்த்தோ பாராவாகிறது. மாறிய பின் கரியையோ ஆக்சைடையோ விட்டு எடுத்துவிட்டால் அறைவெப்பத்திலும் நாள்கணக்கில் பாராவாகவே இருக்கும்.

இந்தப் பாரா ஹைட்ரஜன் தமிழ்நாட்டில் டன் கணக்கில் இருக்கும் இடம் ஒன்று உண்டு. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரி. கிரையோஜெனிக் எஞ்சினுக்கான திரவ ஹைட்ரஜன் அங்கே தயாராகிறது. ஆர்த்தோவாகவே திரவமாக்கி வைத்தால் அது தொட்டிக்குள் மெல்ல மெல்லப் பாராவாக மாறும்போது வெளிவிடும் சூடு, திரவத்தையே ஆவியாக்கி ஓட்டிவிடப் போதும். ஆகவே திரவமாக்கும்போதே மாற்றிவிடுகிறார்கள். சந்திரயான்-3ஐ 2023 ஜூலை 14 அன்று மேலே தூக்கிய ராக்கெட்டின் கடைசிக் கட்டம் எரித்தது ஏறக்குறைய முழுக்கப் பாரா ஹைட்ரஜனைத்தான்.

சரி, எம்.ஆர்.ஐ.க்கும் இதற்கும் என்ன? பாரா ஹைட்ரஜனில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே ஒழுங்கில் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு ஐந்து என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை. அவ்வளவு ஒழுங்கும் இருந்தும் அது ஊமை. இரண்டு காந்தங்கள் எதிரெதிராகப் படுத்து ஒன்றையொன்று அடக்கிவிடுவதால் கருவிக்கு ஒன்றும் கேட்காது. இரண்டையும் ஒரே சமயத்தில் பிரித்து, வேறுவேறு இடத்தில் உட்கார வைத்தால்தான் ஊமை வாய் திறக்கும். பிரிக்கும் கை உலோகத்தின் கை.

முதலில் கை நீட்டியது இரிடியத்தின் அண்ணன் ரோடியம். 1986இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ரஸல் போவர்ஸும் டேனியல் வைட்கேம்ப்பும் இப்படி நடக்கும் என்று காகிதத்தில் கணித்தார்கள். அடுத்த ஆண்டு, வில்கின்சன் வினையூக்கி எனும் செந்நிற ரோடியச் சேர்மத்தைக் கொண்டு பாரா ஹைட்ரஜனை ஒரு மூலக்கூறில் சேர்த்து நிரூபித்தார்கள். அதே சமயத்தில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் ரிச்சர்ட் ஐசன்பர்க்கின் மாணவர்கள் ஒரு விந்தையைப் பார்த்துக் குழம்பியிருந்தார்கள். கோடுகள் மேலும் கீழுமாகத் துள்ளின. வேறு காரணம் சொல்லிக் கட்டுரையும் வெளியிட்டுவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது. மாதிரிக் குழாய்களைத் திரவ நைட்ரஜனில் வைத்திருந்தபோது அவர்களுக்குத் தெரியாமலேயே உள்ளே பாரா ஹைட்ரஜன் கூடியிருந்தது. தங்கள் விளக்கம் தவறு என்று 1987இல் அவர்களே திருத்திக்கொண்டார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு ராச்செஸ்டர்க் குழு மேல் தனி மதிப்பு. கலிஃபோர்னியாக்காரர்கள் தங்கள் முறைக்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைக் கோத்துத் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: பாசடீனா. இன்னொரு வகைக்குப் பக்கத்து ஊர்: ஆல்டடீனா. அங்கே ஊர் ஒரு முறைக்குப் பெயர் கொடுத்தது. இங்கே ஓர் உலோகம் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது.

அதே பாசடீனாவில் 2000களில் பிரதிப் பட்டாச்சார்யா முதலானோர் ரோடியத்தின் துணையோடு சக்சினேட் என்ற மூலக்கூறின் கார்பனை இப்படிக் குரலெழுப்ப வைத்து, விலங்குகளின் மூளைப் புற்றைப் பார்க்க முயன்றார்கள். ஆனால் ரோடியத்தின் வழியில் ஒரு குறை இருந்தது. ஹைட்ரஜனை மூலக்கூறிலேயே ஒட்டிவிட வேண்டும். ஒரு மூலக்கூறுக்கு ஒரே வாய்ப்பு. ஒட்ட இடமில்லாத மருந்தை ஒன்றும் செய்ய முடியாது.

2009இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் சைமன் டக்கெட், கேரி கிரீன் ஆகியோரின் குழு இரிடியத்திடம் வேறொன்றைக் கேட்டது. ஒட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். இரிடியம் ஒரு கையில் பாரா ஹைட்ரஜனைப் பிரித்துப் பிடிக்கும், மறுகையில் மருந்து மூலக்கூறைப் பிடிக்கும். பிடித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் ஹைட்ரஜனின் ஒழுங்கு, பிணைப்புகளின் வழியே மருந்துக்குப் பாயும். பிறகு இரண்டையும் விட்டுவிடும். மருந்து உருமாறாமல், புதுக் குரலோடு கரைசலுக்குத் திரும்பும். அடுத்த மூலக்கூறு வந்து உட்காரும். முறையின் பெயர் சேபர்.

இங்கே எனக்கு மூச்சு நின்ற ஒரு தகவலைச் சொல்ல வேண்டும். தண்ணீரில் கரைந்த குரோமிய அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் பிடித்திருக்கும். அவற்றில் ஒன்று கையை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து நாள் ஆகும். அந்தப் பிடிவாதத்தால்தான் தோல் கொதிநீரைத் தாங்குகிறது. இரிடிய அயனியோ அதைவிடச் சுமார் இருபதாயிரம் மடங்கு பிடிவாதம். 25 டிகிரியில் ஒரு நீர் மூலக்கூறை விடச் சுமார் 300 ஆண்டுகள். ஹைதர் அலி வாணியம்பாடிப் பக்கம் படை நடத்திய காலத்தில் பிடித்த தண்ணீரை இன்னும் விட்டிருக்காது. அப்படிப்பட்டது, சேபர் குழாய்க்குள் பிரிடின் போன்ற மூலக்கூறை ஒரு நொடியில் பத்துத் தடவைபோல் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. எப்படி மனம் மாறியது? எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹைட்ரஜன் எலெக்ட்ரானைத் தள்ளி எதிர்ப்பிணைப்பைத் தளர்த்துகிறது. ஒரு பக்கத்தில் பருத்த கார்பீன் வளையம் இடத்தை அடைத்து நெருக்குகிறது. 2011இல் யார்க்கில் பாஸ்ஃபீனுக்குப் பதிலாக இந்தக் கார்பீனைக் கட்டியதும் சிக்னல் தாவி ஏறியது. உலோகம் அதே உலோகம். அதன் அக்கம்பக்கம் மாறியது.

ஏன் குரோமியத்தால் இதைச் செய்ய முடியாது? அதன் மூன்று எலெக்ட்ரான்கள் துணையில்லாமல் அலைகின்றன. பாரா ஹைட்ரஜனைத் தயாரிக்க உதவிய அதே சலசலப்பு, ஒழுங்கு ஏறிய மூலக்கூறு பக்கத்தில் வந்தால் அந்த ஒழுங்கைக் குலைத்துவிடும். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) ஆய்வகங்களில் குரோமியச் சேர்மம் ஒன்றைச் சிட்டிகை போடும் வழக்கம் முன்பே உண்டு, ஆமைவேகக் கார்பன் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பட்டும் என்பதற்காக. இரிடியம் அதன் எலெக்ட்ரான்களை ஜோடி ஜோடியாக அடக்கி வைத்திருக்கிறது. அதன் மடியில் ஒழுங்கு கலையாது.

பார்க்க எளிமையான காட்சி இது. மெத்தனாலில் கரைத்த மஞ்சள் தூள், 2 மில்லிகிராம்போல. ஹைட்ரஜனைக் குமிழியாக விட விட மஞ்சள் வெளுத்துக்கொண்டே போகும். அப்போது வினையூக்கி விழித்துவிட்டது. ஹைட்ரஜன் அணுக்கருவுக்கு ஒழுங்கை மாற்ற ஒரு சின்னக் காந்தம் போதும். நைட்ரஜனுக்கு மாற்றவோ பூமியின் காந்தத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு போதும், அதைவிடக் கூடாது. ஆகவே பூமியின் காந்தத்தையே மறைக்கும் உலோக உறைக்குள் குழாயை வைக்கிறார்கள். 2015இல் தாமஸ் தெய்ஸ், எட்வர்ட் செக்மெனெவ் முதலானோர் காட்டிய வழி. அடுத்த ஆண்டே மெட்ரோனிடசோலில் உள்ள நைட்ரஜனின் ஒழுங்கு ஒரு நிமிஷத்துக்குள் 20 சதவீதத்தைத் தாண்டியது. பத்து லட்சத்தில் ஐந்துகூட இல்லாத இடத்தில் ஐந்தில் ஒன்று. வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் அதே மெட்ரோனிடசோல்தான். ஆக்சிஜன் குறைந்த திசுவில் அது வேறுவிதமாக மாறும் என்பதால் புற்றுக்கட்டியின் மூச்சுத்திணறலைக் காட்டக்கூடும் என்று பார்க்கிறார்கள்.

காசநோய் மாத்திரைகளான ஐசோனியசிட், பைரசினமைடு இரண்டையும் சேபர் கரைசலில் போட்டு 2013இல் சிக்னலை உயர்த்திக் காட்டியிருக்கிறார்கள். ஐசோனியசிட் என்ற பெயரைக் கேட்டால் சென்னை சேத்துப்பட்டு நினைவுக்கு வர வேண்டும். 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வுதான், காசநோயாளியை ஆஸ்பத்திரியில் அடைக்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணமாக்கலாம் என்று உலகத்துக்குச் சொன்னது. தோல் தூசிக்கும் ஈரத்துக்கும் நடுவே இருமிக்கொண்டே வேலை பார்த்தவர்களை எங்கள் தெருவில் எனக்குத் தெரியும். அந்த மாத்திரை நுரையீரலில் எந்த மூலை வரை போகிறது என்று ஒருநாள் பார்க்க முடிந்தால், அதைவிடப் பெரிய காரியம் என்ன இருக்கிறது?

இதற்கும் நம் தோலுக்கும் இடையே ஒரு பாலம் அடையாறில் இருக்கிறது. 1948இல் உருவான மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் ஆராய்ச்சிக்கூடத்தில் காந்த ஒத்ததிர்வா என்று கேட்பார்கள். நாருக்குள் குரோம் எங்கே உட்காருகிறது, தண்ணீர் எப்படி அசைகிறது என்பதெல்லாம் அணுக்கருவிடம் கேட்க வேண்டிய கேள்விகள்தானே? அந்த நிறுவனத்தில் இருந்த என். சந்திரகுமார், ஐ.ஐ.டி. மெட்ராஸின் எஸ். சுப்பிரமணியனோடு சேர்ந்து 1987இல் எழுதிய நவீன என்.எம்.ஆர். முறைகள் பற்றிய ஆங்கில நூல் உலகம் முழுவதும் மாணவர் கைக்குப் போனது. பாசடீனாவில் பாரா ஹைட்ரஜன் வாய் திறந்த அதே ஆண்டு. சந்திரகுமார் பிறகு ஐ.ஐ.டி.க்குப் போய், சிக்னலைப் பெருக்கும் இன்னொரு வழியான எலெக்ட்ரானின் ஒழுங்கை அணுக்கருவுக்கு மாற்றும் வேலையில் இறங்கினார். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு சாலைகள்.

இரிடியத்தின் பயணம் இன்னும் மனித உடம்பின் வாசலில்தான் நிற்கிறது. 2019இல் யார்க்கில் பைருவேட்டையும் சேபர் வழியில் குரலெழுப்ப வைத்தார்கள். 2023இல் உயிருள்ள சிறு விலங்கின் உடம்பில் அந்தப் பைருவேட்டின் போக்கைப் படம்பிடித்தார்கள். திரவ ஹீலியமும் பல மணிநேரக் குளிரூட்டலும் கேட்கும் பெரிய இயந்திரங்கள் செய்யும் வேலையை, ஒரு ஹைட்ரஜன் சிலிண்டரும் குளிர்கலமும் சின்னக் காந்தமும் செய்யும் என்பதால், வேலூரும் ஆம்பூரும் போன்ற ஊர்களுக்கு இது எட்டும் என்று நான் நம்புகிறேன். ஆனால் நரம்பில் ஏற்ற இரண்டு தடை உண்டு. ஒன்று மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்த அதே மெத்தனால். அதைத் துடைத்து எடுத்துத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும், அதுவும் குரல் அடங்குவதற்குள். கார்பனில் ஒரு நிமிஷம்போல், நைட்ரஜனில் சில நிமிஷம். இன்னொன்று இரிடியமே.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து நைனாவிடம் சொன்னேன். நாற்பது நிமிஷத்துக்கு இப்போதாவது பதில் சொன்ன நிம்மதி எனக்கு. முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்:

“வேலை முடிஞ்சதும் அந்த மெட்டல எங்கம்மா கொட்டுவாங்க?”

எத்தனையோ கட்டுரை படித்தும் எனக்கு முதலில் தோன்றாத கேள்வி அது. அவருக்குத்தான் தோன்றும். டிரம்மில் போட்ட குரோமில் மூன்றில் ஒரு பங்குபோல் தோலில் ஏறாமல் தண்ணீரோடு போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியே பாலாற்றுக்குப் போனது என்பதும் தெரியும். எங்கள் கிணற்று உப்பும் அவருக்குத் தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பு சொன்னபோது, இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ கெட்டுப்போயிருக்கிறது என்று பதிவு செய்தது. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது நம் ஆற்றங்கரையை முன்னிட்டுத்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. வெளியே போகும் நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற எல்லை டேனரியில் எல்லார் வாயிலும் இருந்தது.

நான் சொன்னேன். ஊசியில் போகும் மருந்தில் இரிடியம் ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராமுக்குமேல் இருக்கக்கூடாது என்று மருந்துத் தர விதி இருக்கிறது. ஒரு சின்னக் குழாயில் போடும் 2 மில்லிகிராம் தூளிலேயே அதைப்போல் அறுபது மடங்குக்கு அருகில் இரிடியம் உண்டு. ஆகவே வடிகட்டியாக வேண்டும். மணல்போன்ற சிலிக்காத் துகள்களின் மேல் கந்தகக் கைகளைக் கட்டிவிட்டு, அதன் வழியே கரைசலை ஓட்டினால் இரிடியத்தைக் கந்தகம் கவ்விக்கொள்கிறது. மெட்ரோனிடசோல் கரைசலை இப்படிச் சுத்தம் செய்து 2018இல் அமெரிக்காவில் காட்டியிருக்கிறார்கள். முடி எடுக்கப் போடும் சல்பைடின் உறவுதான் அந்தக் கந்தகம் என்றதும் நைனா மூக்கைச் சுளித்தார். வினையூக்கியையே திடமணியில் கட்டிப்போட்டு, கரைசலில் கலக்காமலே வேலை வாங்கவும் முயல்கிறார்கள். ஆனால் கட்டிப்போட்டால் அதன் தொட்டு விடும் வேகம் மந்தமாகிறது. கைவிடத் தெரிந்ததுதான் அதன் திறமை என்பதால், கட்டுவது எளிதாக இல்லை.

“சல்லடையில மாட்டுனது?” என்றார் நைனா.

சுத்திகரிப்பு ஆலைக்குத் திரும்பிப் போகும் என்றேன். அதன் விலை தங்கத்தோடு போட்டி போடுவது. ஒரு கிராமைக்கூட யாரும் வீசமாட்டார்கள்.

“ஓ, வெல கீது. அதான்.”

வேறொன்றும் சொல்லவில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் பின்னால், ஒன்றரை லட்சம் டன்னுக்குமேல் கழிவு பல பத்தாண்டுகள் வெட்டவெளியில் கிடந்ததை நாங்கள் இருவரும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறோம். மழை பெய்தால் அதிலிருந்து வடிந்த நீர் மஞ்சளாக ஓடும்.

உள்ளே போய், பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். ஓய்வு பெற்ற நாளில் கடைசி டிரம்மிலிருந்து நறுக்கிய துண்டு. நீலம் கொஞ்சம் சாம்பலாகிவிட்டது. வெட்டுவாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நடுவரை ஒரே நிறம்.